அணை மாறவில்லை, கீழே ஒரு வீடு வந்திருக்கிறது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அணைப் பாதுகாப்பு வேலை பார்த்த ஆண்டுகளில் நான் அதிகம் ஏறி இறங்கியது பண்ணைக் குளங்களின் மண் கரைகளில்தான். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டவும் மீன் பிடிக்கவும் தனியார் தங்கள் நிலத்தில் ஓடையை மறித்துக் கட்டியவை. தாத்தா கட்டியதைப் பேரன் வைத்திருப்பார். வரைபடம் எதுவும் இருக்காது.

அப்படி ஒரு குளத்தின் சொந்தக்காரர், எழுபதைத் தாண்டியவர். அவருடைய அணை இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்கு மாறுகிறது என்று சொல்லப் போயிருந்தேன். கரையில் புல்லை ஒட்ட வெட்டியிருந்தார். ஒரு மரம் இல்லை, விலங்குகள் தோண்டிய ஒரு வளை இல்லை, அடிவாரத்தில் கசிவும் இல்லை. "என் கரையில் என்ன குறை கண்டீர்கள்?" என்றார். குறை ஒன்றுமில்லை என்றேன். அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. முதல் வகை என்றால் கரை மோசமாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வகைப்பாடு கரையைப் பற்றியதே அல்ல. உடைந்தால் கீழே உயிர் போகுமா என்ற ஒரே கேள்விதான். கரை அரித்துக் கிடந்தாலும் கீழே வெறும் காடு என்றால் இரண்டாம் வகை. கரை கச்சிதமாக இருந்தாலும் வெள்ளப் பாதையில் ஒரு வீடு இருந்தால் முதல் வகை. 25 அடி உயரமோ 100 ஏக்கர்-அடி (நூறு ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்) கொள்ளளவோ அதற்கு மேலோ இருந்தால் அணை சட்டத்தின் கணக்கில் வந்துவிடும். இரண்டாம் வகைக்கு உரிமம் தேவையில்லை. கீழே புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்ப்போம். முதல் வகைக்கு உரிமம், ஆய்வு, பெருமழையின் உபரி நீரை வெளியேற்றும் கலிங்கு எல்லாம் வேண்டும். செலவு முழுக்க உரிமையாளர் தலையில்.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஓர் இரவு இருக்கிறது. 1977 நவம்பர் 6, அதிகாலை ஒன்றரை மணி. பலத்த மழைக்குப் பின் ஜார்ஜியாவின் டொக்கோவா ஊர் அருகே கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்தது. அதுவும் தனியார் மண் அணைதான், ஒரு பைபிள் கல்லூரியுடையது. கல்லூரிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த குளம், 1957-க்குப் பிறகு சும்மா கிடந்தது. கீழே கல்லூரி வளாகம் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் 39 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே மாநிலம் சட்டம் கொண்டுவந்தது.

பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை. பயமுறுத்துவது போலாகிவிடும் என்று தோன்றியது. மடிக்கணினியைத் திறந்து, அணை உடைந்தால் வெள்ளம் எங்கெல்லாம் பாயும் என்ற எங்கள் கணக்கைக் காட்டினேன். ஓடை வளைவில் மூன்று ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டின் மேல் நீல நிறம் படிந்திருந்தது. அந்த வீட்டுக்கு அனுமதி கொடுத்தபோது மேலே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இதில் அவருக்கு நேர்ந்தது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அதை அவரிடமே சொன்னேன். சொல்லிவிட்டு, வகையை மாற்றத்தான் வேண்டும் என்றும் சொன்னேன்.

வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "தண்ணீர் அங்கே போக எவ்வளவு நேரமாகும்?" என்றார்.

"ஒன்பது நிமிடம்."

இரண்டு வாரம் கழித்துப் போனபோது குளத்தில் தண்ணீர் நான்கடி இறங்கியிருந்தது. யாரும் சொல்லாமலே அடிமதகைத் திறந்துவிட்டிருந்தார். சமையலறைச் சுவரில், தொலைபேசிக்குப் பக்கத்தில், அந்த வீட்டுக்காரர்களின் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்.