ஃப்ளோரிடாவில் வான்கோழி வேட்டை: வெளி மாநிலத்தவருக்கு உண்மையில் ஆகும் செலவு

வெளி மாநிலத்திலிருந்து ஃப்ளோரிடாவுக்கு வான்கோழி வேட்டைக்குக் கிளம்புகிறவர் விலைப் பட்டியலைத் திறந்ததும் 46.50 டாலர் என்ற எண் கண்ணில் படும். அது பத்து நாள் வேட்டை லைசென்ஸ். அதை மட்டும் வைத்துக்கொண்டு வான்கோழியைச் சுட முடியாது. வான்கோழிக்கென்று தனி பெர்மிட் உண்டு: ஃப்ளோரிடாவாசிக்கு 10 டாலர், வெளியாருக்கு 125. அரசு பராமரிக்கும் வேட்டைக் காட்டுக்குள் போவதானால் அதற்கு இன்னொரு பெர்மிட், 26.50. மூன்றையும் கூட்டினால் 198 டாலர். அதே காட்டில், அதே பறவைக்கு, உள்ளூர்க்காரர் தன் வேட்டை லைசென்ஸையும் சேர்த்துக் கட்டுவது 53.50. விலைகள் அவ்வப்போது மாறும்; பணம் கட்டுகிற அன்று மாநிலத்தின் 'கோ அவுட்டோர்ஸ் ஃப்ளோரிடா' தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வித்தியாசம் நியாயமா என்று பலர் கேட்கிறார்கள். சட்டப்படி இதில் கேள்வியே இல்லை. மோன்டானாவில் எல்க் மான் வேட்டைக்கு வெளியாரிடம் பல மடங்கு வாங்கியதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பொழுதுபோக்கு வேட்டை எல்லா மாநிலத்தவருக்கும் சமமாகத் தந்தாக வேண்டிய அடிப்படை உரிமை அல்ல என்றது. பறவையை வருடம் முழுக்கக் காப்பாற்றுவது அந்த மாநிலம். லைசென்ஸ் பணத்தை வனவிலங்குத் துறையைத் தவிர வேறு செலவுக்குத் திருப்பினால், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா வரியிலிருந்து வரும் மத்திய நிதியை அந்த மாநிலம் இழக்கும். இந்தப் பணம் காட்டுக்குத்தான் போகிறது. 198 டாலரை அப்படிப் பார்த்தால் மனம் உறுத்தாது.

ஃப்ளோரிடாவுக்கு வெளியார் இவ்வளவு பேர் வருவதற்குக் காரணம் ஒசியோலா வான்கோழி. செமினோல் பழங்குடி மக்களின் தலைவர் ஒசியோலாவின் பெயரை 1890இல் இந்தப் பறவைக்கு வைத்தார்கள். ஃப்ளோரிடா தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. கிழக்கத்தியது, ரியோ கிராண்டே, மெரியம், ஒசியோலா என்று நான்கு வகையையும் எடுத்தால் 'கிராண்ட் ஸ்லாம்' என்பார்கள். மற்ற மூன்றுக்கும் பல மாநிலங்கள் இருக்கின்றன, ஒசியோலாவுக்கு ஒன்றுதான். அதனால் நல்ல இடங்களுக்குப் போட்டி அதிகம்.

எனவே முதலில் லைசென்ஸ் வாங்காதீர்கள். முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள்.

தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதி போதும், 26.50 பெர்மிட் தேவையில்லை. அரசுக் காடு என்றால் அந்தந்தக் காட்டுக்கான கையேட்டை வரிவரியாகப் படிக்க வேண்டும். கிரீன் ஸ்வாம்ப், த்ரீ லேக்ஸ் போன்ற பெயர்பெற்ற காடுகளில் வசந்தகால வேட்டைக்குக் கோட்டா உண்டு. குலுக்கலில் பெயர் விழுந்தவர்தான் உள்ளே போகலாம். மார்ச் மாத வேட்டைக்கான விண்ணப்பம் நவம்பரிலேயே நடக்கிறது. பிப்ரவரியில் யோசிக்கத் தொடங்குகிறவர் தவறவிடுவது இதைத்தான்: லைசென்ஸ் எந்நேரமும் கிடைக்கும், கோட்டா கிடைக்காது. சாதாரண கோட்டா விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பெயர் விழாவிட்டால் முன்னுரிமைப் புள்ளி ஒன்று சேரும், அடுத்த வருடம் அது கைகொடுக்கும். அரசுக் காடுதான் என்று முடிவானால் 26.50 பெர்மிட்டை மட்டும் விண்ணப்பத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பன்னிரண்டு மாதம் செல்லும், வசந்தத்தையும் தாண்டும். பெரிய தொகையான 125ஐயும் பத்து நாள் லைசென்ஸையும் இடமும் தேதியும் உறுதியான பிறகு கட்டினால் போதும்.

தேதியிலும் ஒரு கோடு இருக்கிறது. மாநிலச் சாலை 70க்குத் தெற்கே சீசன் மார்ச் முதல் சனிக்கிழமை தொடங்கும். வடக்கே மூன்றாம் சனிக்கிழமை. இது தனியார் நிலத்துக்கான கணக்கு, அரசுக் காடுகளுக்குத் தனித் தேதிகள். பத்து நாள் லைசென்ஸ் என்றால் தொடர்ச்சியான பத்து நாள். வாங்கும்போது தொடக்கத் தேதியைக் கேட்கும். அங்கே வாங்குகிற நாளையே போட்டுவிட்டு, வேட்டைக்குப் போகும் வாரத்தில் லைசென்ஸ் காலாவதியாகி நிற்பவர்கள் உண்டு. விமானம் இறங்கும் நாளைப் போடுங்கள்.

வருட லைசென்ஸ் 151.50. மூன்று முறை பத்து நாள் லைசென்ஸ் எடுத்தாலும் 139.50தான் ஆகும். நான்காவது பயணம் இருந்தால் ஒழிய வருட லைசென்ஸ் வெளியாருக்குக் கட்டுப்படியாகாது. 125 டாலர் வான்கோழி பெர்மிட்டை மட்டும் ஒரே முறை எடுத்தால் போதும், அது வருடக் கணக்கு. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு லைசென்ஸே தேவையில்லை.

பணம் கட்டும் பக்கத்தில் வேறு பல பெர்மிட்டுகளும் வரிசையாக நிற்கும். வலசைப் பறவை பெர்மிட், மத்திய அரசின் வாத்து முத்திரை, மான் பெர்மிட், வில் சீசன் பெர்மிட்: இவை எதுவும் வசந்தகால வான்கோழிக்குத் தேவையில்லை. வான்கோழி வலசைப் பறவை அல்ல.

1975 ஜூன் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் வாங்கிய சான்றிதழை ஃப்ளோரிடா ஏற்கும். அட்டையைப் பத்து வருடத்துக்கு முன் வாங்கி எங்கோ வைத்துவிட்டவர், அதைக் கொடுத்த மாநிலத்தின் தளத்தில் எண்ணைத் தேடி எடுக்க ஒரு வாரமாவது விட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருக்கும் நம்மவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். மத்தியச் சட்டப்படி, குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். இதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அதாவது லைசென்ஸ் இங்கே வேட்டைக்கான சீட்டு மட்டும் அல்ல, துப்பாக்கியைத் தொடுவதற்கான தகுதியே அதுதான். பத்து நாள் லைசென்ஸில் வந்தவருக்குப் பதினோராம் நாள் அந்தத் தகுதி போய்விடும். நண்பரிடம் இரவல் வாங்கிய துப்பாக்கியும் மிச்சத் தோட்டாவும் அதற்குள் திரும்பிப் போயிருக்க வேண்டும். டிக்கியில் மறந்துபோன ஒரு தோட்டாப் பெட்டி விசாவுக்கே உலை வைக்கும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. வில் அம்புக்கும் இல்லை. சந்தேகம் இருந்தால் பயணத்துக்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

விமானத்தில் கொண்டுவருபவர்கள் துப்பாக்கியில் தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, செக்-இன் மேசையில் அறிவித்துத்தான் அனுப்ப வேண்டும்.

இனி காட்டுக்குள். உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து சுடலாம். பல அரசுக் காடுகளில் மதியம் ஒரு மணிக்கு நிறுத்திவிட வேண்டும். மரத்தில் அடைந்திருக்கும் பறவையைச் சுடக் கூடாது. பதிவு செய்த ஒலியைப் போட்டு அழைக்கக் கூடாது. இரை போட்டிருக்கும் தீனி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் நின்று சுடக் கூடாது. சேவல் அல்லது மார்பில் தாடி தொங்கும் பறவை மட்டுமே. சீசனுக்கு இரண்டு.

பறவை விழுந்ததும் எல்லோரும் செய்ய நினைப்பது, ஓடிப்போய்க் காலைப் பிடித்துத் தூக்குவது. தூக்காதீர்கள். விழுந்த இடத்திலிருந்து நகர்த்துவதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. பல்மெட்டோ புதருக்குள் பறவை கிடக்க, ஈரக் கையோடு அங்கேயே உட்கார்ந்து 'ஃபிஷ் ஹன்ட் ஃப்ளோரிடா' செயலியைத் திறந்து விவரத்தைப் போடுங்கள். போன் அணைந்துபோகும் என்பதால், அச்சிட்ட பதிவுத் தாள் ஒன்றும் நல்ல பால்பாயின்ட் பேனாவும் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் இருக்கட்டும். ஜெல் பேனா பனியில் ஊறிப் பரவிவிடும். இது முதல் படிதான். 24 மணி நேரத்துக்குள் துறைக்கு அறிவிப்பது இரண்டாவது படி. அதற்குள்ளாகவே கறியை வெட்டிப் பதப்படுத்தினாலோ, பாடம் செய்பவரிடம் கொடுத்தாலோ, மாநில எல்லையைத் தாண்டினாலோ, அதற்கு முன்பே அறிவித்திருக்க வேண்டும். காலையில் சுட்டுவிட்டு மதியமே ஜார்ஜியா பக்கம் வண்டியைத் திருப்பும் வெளியார் சிக்குவது இங்கேதான். விதியை மீறி எடுத்த பறவையோடு எல்லை தாண்டினால் 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் வந்துவிடும், மாநில அபராதம் மத்திய வழக்காகும். மாநிலங்களுக்கிடையே ஒப்பந்தமும் இருப்பதால், ஓரிடத்தில் பறிபோன வேட்டை உரிமை சொந்த மாநிலத்திலும் பறிபோகும்.

ஒசியோலாதான் வேண்டும் என்றில்லாதவர் டெக்சஸைப் பார்க்கலாம். வெளியாருக்கான வசந்தகால வான்கோழி லைசென்ஸ் 126 டாலர், மேட்டுநிலப் பறவை ஒப்புதல் 7, ஆக 133. அங்கேயும் ஒரு பொறி உண்டு: 48 டாலருக்கு ஐந்து நாள் லைசென்ஸ் இருக்கிறது, அதில் மற்ற வேட்டைப் பறவைகளைச் சுடலாம், வான்கோழியைச் சுட முடியாது. பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் 7 டாலர் இளையோர் லைசென்ஸ் போதும். 126 டாலர் லைசென்ஸ் வசந்தத்துக்கு மட்டும். இலையுதிர் கால வான்கோழிக்கு 315 டாலர் பொது லைசென்ஸ் வேண்டும். நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது என்பதால், டெக்சஸில் லைசென்ஸைவிட நிலத்துக்கான அனுமதிதான் பட்ஜெட்டைத் தீர்மானிக்கும். பொது நிலம் என்றால் வருடாந்தர பெர்மிட் 48. லைசென்ஸோடு வரும் 'டேக்' என்ற அடையாளச் சீட்டில் மாதத்தையும் நாளையும் கத்தியால் வெட்டியெடுத்து, இடத்தை மையால் எழுதி, பறவையில் உடனே கட்ட வேண்டும். பேனாவால் வட்டம் போடுவது செல்லாது.

நெப்ராஸ்கா 2023லிருந்து வெளியாருக்கான வான்கோழி பெர்மிட்டை 10,000 என்று வரம்பு கட்டிவிட்டது. கான்சஸ் குலுக்கலுக்கு மாறிவிட்டது, விண்ணப்பம் ஜனவரியில் தொடங்குகிறது. இந்த இரண்டில் ஒன்றை நினைத்திருப்பவர் புத்தாண்டு முடிந்த கையோடு அந்த மாநிலத் தளத்தில் கணக்குத் தொடங்கி, பயிற்சி எண்ணையும் ஏற்றி வைத்துவிட வேண்டும்.