‘ஒன்றாம் தேதி விலை ஏறுது சார்’: வேக்போர்டு படகு டீலர்களோடு மல்லுக்கட்டிய அனுபவம்

புது வேக்போர்டு படகுக்கு, அதாவது பலகையில் நிற்பவரைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு பின்னால் அலை எழுப்பிப் போகும் படகுக்கு, விலை கேட்டுப் போனால் டீலர்கள் முதலில் சொல்வது விலையை இல்லை, தேதியை. “ஒன்றாம் தேதியிலிருந்து கம்பெனி ஏத்துது சார். அதுக்குள்ள டெபாசிட் போட்டுட்டா உங்களுக்குப் பழைய விலை.” நான் பேசிய அத்தனை பேரும் இதைச் சொன்னார்கள். ஒன்றாம் தேதி வந்தது, போனது. அடுத்த மாதம் போன் செய்தாலும் அதே வசனம், அதே பதற்றம். படகு கைக்கு வந்து தண்ணீரிலும் இறங்கியாயிற்று. ஆனாலும் யாராவது ‘ஒன்றாம் தேதி’ என்றால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாஸ்டர்கிராஃப்ட், நாட்டிக், மாலிபு இவற்றில் எந்தக் கம்பெனிப் படகு என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அது அவரவர் முதுகும் பையும் தீர்மானிக்க வேண்டியது. விலை பேசும்போது எங்கெங்கே இடிக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

விலை ஏறியிருப்பது பொய்யில்லை. 2020-ல் ஊரடங்கு வந்ததும் ஆளாளுக்குப் படகு தேடினார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் உறைபனி அடித்து பெட்ரோகெமிக்கல் ஆலைகள் நின்றபோது, ஃபைபர்கிளாஸுக்கான ரெசினும் இருக்கைக்கான ஃபோமும் கிடைக்காமல் தொழிற்சாலைகள் திண்டாடின. விலையும் மேலே போனது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2022-லிருந்து வட்டி விகிதம் ஏறி, வாங்குபவர்கள் குறைந்து, டீலர்களின் வளாகங்களில் படகுகள் தேங்கியபோது விலைப்பட்டியல் இறங்கியதா? பட்டியல் அப்படியே நின்றது; பக்கத்தில் ‘சலுகை’ என்று ஒரு வரி மட்டும் முளைத்தது. சலுகையை நினைத்தால் கொடுக்கலாம், நினைத்தால் எடுக்கலாம். பட்டியல் விலையைக் குறைத்துவிட்டால் திரும்ப ஏற்றுவது கஷ்டம். அதனால் பட்டியல் விலை ஏறியதா இறங்கியதா என்று டீலரிடம் வாதாடுவதில் பிரயோஜனமே இல்லை. அவர் கையில் இருப்பது அந்தப் பக்கத்து வரிதான்.

முதல் டீலரிடம் ஸ்டாக்கில் எதுவும் இல்லை, ஆர்டர்தான் போட வேண்டும் என்றார். ஏன் ஏறுகிறது என்று கேட்டதற்கு அலுமினியத்துக்கு இறக்குமதி வரி என்றார். படகின் உடல் ஃபைபர்கிளாஸ்தானே என்றேன். இழுக்கும் கயிற்றைக் கட்ட மேலே நிற்கும் சட்டம், அதாவது டவர், அலுமினியம் என்றார். டவர் ஒன்றுக்காகப் படகு முழுவதற்கும் சதவீதக் கணக்கில் ஏற்றுவீர்களா என்றதும் பேச்சு பேடண்டுக்குத் தாவியது. சர்ஃப் அலைக்கான பின்பக்கத் தகடுகளுக்குக் காப்புரிமைக் கட்டணம் இருக்கிறதாம். இருக்கிறதுதான். மாலிபு அதற்காக நாட்டிக் மீதும் மாஸ்டர்கிராஃப்ட் மீதும் வழக்குப் போட்டு, இரண்டும் உரிமம் வாங்கிச் சமாதானமாயின. ஆனால் அதில் கடைசிச் சமாதானமே 2017-ல் முடிந்துவிட்டது. அது எப்படி இந்த வருட விலையேற்றத்துக்குக் காரணமாகும்? விற்பனையாளர் சிரித்துவிட்டுக் காபி வேண்டுமா என்று கேட்டார்.

கம்பெனி அனுப்பிய விலை அறிவிப்பைக் காட்டச் சொன்னேன். உள் ஆவணமாம், காட்டக் கூடாதாம். நீங்களும் கேட்டுப் பாருங்கள். நிஜமாகவே தேதி குறித்து அறிவிப்பு வந்திருந்தால் அதை மறைக்க வேண்டிய அவசியம் டீலருக்கு இல்லை. விற்பதற்கு அதைவிட நல்ல கருவி அவருக்கு ஏது? பின்னால் நான் பார்த்த வேறொரு டீலர் கேட்ட உடனே மெயிலைத் திறந்து காட்டினார். அதில் ஏற்றம் இருந்தது, சதவீதம் இவர்கள் சொன்னதில் பாதிகூட இல்லை.

ஆனாலும் ஆர்டர் ஃபார்ம் வரைக்கும் போனோம். இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், டெலிவரி நாளன்று நடப்பில் உள்ள விலையே செல்லும் என்று ஒரு வரி. அப்படியானால் இன்றைக்கே டெபாசிட் கட்டினால் பழைய விலை என்று இவ்வளவு நேரம் சொன்னது என்ன? கேட்டேன். “அது சும்மா ஃபார்மட் சார், இதுவரைக்கும் யாருக்கும் நாங்க ஏத்தினதில்லை” என்றார். ஏற்றியதே இல்லை என்றால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். மேனேஜர் வந்தார். ஃபார்மில் கை வைக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம்.

நான் வேறொன்றும் கேட்டேன்: விலை ஏறினால் ஏறட்டும், அப்போது ஆர்டரை ரத்து செய்யவும் டெபாசிட்டை முழுதாகத் திரும்ப வாங்கவும் எனக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேருங்கள். அதற்கும் மாட்டேன் என்றார்கள். கூட வந்த மச்சான்தான் மேசைக்கு அடியில் காலை மிதித்தான். எழுந்து வந்துவிட்டோம். ஆர்டர் போடுகிறவர்கள், அந்தப் பொடி எழுத்து வரியை அடிக்காமலோ இந்த ரத்து வரியைச் சேர்க்காமலோ, இரண்டில் ஒன்றாவது எழுத்தில் நடக்காமல் டெபாசிட் கட்டாதீர்கள். படகு கட்டி வரப் பல மாதம் ஆகலாம். அதற்குள் மாடல் வருடமே மாறிவிட்டால் புது மாடல், புது விலை என்று பேச்சைத் தொடங்குவார்கள்.

அடுத்து நடந்ததுதான் இன்னும் ஆறாதது. ஸ்டாக்கில் இருக்கிறது, நாம் கேட்ட இன்ஜின், நாம் கேட்ட நீளம், வந்தால் அன்றைக்கே பேசி முடிக்கலாம் என்று தொலைவில் இருந்த ஒரு டீலர் போனில் சொன்னார். பாதி நாள் காரோட்டிப் போனால், படகு நின்றது. ஆனால் முந்தின நாளே யாரோ டெபாசிட் கட்டிவிட்டார்கள். கண்ணாடியில் ‘விற்பனையானது’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. நான் கிளம்பும் முன் காலையில்கூட போன் செய்து உறுதி செய்திருந்தேன். மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் நின்ற பெரிய மாடலைக் காட்டி, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், இதைப் பாருங்கள் என்றார். அதன் விலை எங்கள் பட்ஜெட்டை எட்டிப் பார்த்துக் கை அசைத்துவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

தூரத்து டீலரைத் தேடும்போது இன்னொரு சிக்கலும் வரும். பல கம்பெனிகள் டீலர்களுக்குப் பகுதி பிரித்துக் கொடுத்திருக்கின்றன. உங்கள் முகவரி வேறு பகுதியில் இருந்தால் ஒருவர் விற்கவே மாட்டார். இன்னொருவர் விற்பார், ஆனால் வாரண்டி வேலைக்கு உங்கள் பக்கத்து டீலர் முகம் கொடுக்க மாட்டார். முதல் போனிலேயே முகவரியைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஸ்டாக் இருக்கிறது என்றால் அன்றைய தேதியோடு படகின் போட்டோவும், ஒவ்வொரு படகுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஹல் எண்ணின் போட்டோவும் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் பெட்ரோல் மிச்சம்.

அந்த ஹல் எண்ணால்தான் எங்களுக்கு வேலை நடந்தது. படகின் பின்சுவரில், வலது பக்க மேல் ஓரத்தில் பொறித்திருப்பார்கள். அமெரிக்க முறையில் 12 எழுத்துகளும் எண்களும். ஐரோப்பாவில் முன்னால் நாட்டுக் குறியீடும் சேரும். கடைசி நான்கைப் பாருங்கள். முதலில் வருவது மாதத்தைக் குறிக்கும் எழுத்து, ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி என்று வரிசையாகப் போகும். அடுத்தது கட்டிய வருடத்தின் கடைசி இலக்கம். கடைசி இரண்டும் மாடல் வருடம்.

அடுத்துப் போன டீலரிடம் நாங்கள் தேடிய அளவிலேயே ஒரு படகு நின்றது. அங்கும் ஒன்றாம் தேதி வசனம். கொட்டேஷனில் ‘விலை உயர்வு’ என்று ஒரு வரியே தனியாகப் போட்டிருந்தார்கள், பட்டியல் விலைக்கு மேலே. மச்சான் பின்பக்கம் குனிந்து எண்ணைப் போட்டோ எடுத்து வந்தான். இந்த வருட மாடல்தான், அதில் பொய் இல்லை. ஆனால் படகைக் கட்டி முடித்த மாதம் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முந்தையது. அந்த விலையேற்றம் அறிவிக்கப்படுவதற்கு எவ்வளவோ முன்பு அது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியிருந்தது. கம்பெனி ஏற்றியது இனி அனுப்பப் போகும் படகுகளுக்கு. இங்கே நிற்பதை டீலர் பழைய விலைக்குத்தான் வாங்கியிருக்கிறார்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. டீலர்கள் ஸ்டாக்கைக் கைக்காசு போட்டு வாங்கி வைப்பதில்லை, கடனில் எடுத்து நிறுத்துகிறார்கள். ஆரம்பத்தில் சில மாதங்களுக்கு வட்டிச் சுமையைக் கம்பெனி ஏற்பது வழக்கம். அந்தக் காலம் முடிந்ததும் டீலர் தலையில் விழும். ஒரு வருடமாக நிற்கும் படகு அவருக்கு மாதாமாதம் வட்டி தின்கிறது. சீசன் முடிந்து புது மாடல்கள் வந்து நிற்கும் நேரத்தில் அதன் மதிப்பு இன்னும் இறங்கும். இதை அவரிடம் விளக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை. “இது போன சீசன்லேருந்து நிக்குது போல” என்று மட்டும் சொன்னேன். விற்பனையாளர் உள்ளே போய் மேனேஜரோடு வந்தார். ‘விலை உயர்வு’ வரி காணாமல் போனது. அதன் பிறகுதான் நிஜமான பேரமே தொடங்கியது.

பேரம் பேசும்போது படகு விலையை மட்டும் பேசாதீர்கள், கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்பதை எழுதி வாங்குங்கள். எங்கள் கொட்டேஷனில் சரக்குக் கட்டணம் தனி, ‘தயார்ப்படுத்தும் கட்டணம்’ தனி, காகித வேலைக்குத் தனி. பாலஸ்ட் பைகளை, அதாவது படகின் எடையைக் கூட்டி அலையைப் பெரிதாக்கத் தண்ணீர் நிரப்பும் பைகளைப் பொருத்துவதற்குத் தனிக் கட்டணம் கேட்டதுதான் உச்சம். அவை தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தவை. டிரெய்லர் விலைக்குள் இருக்கிறதா என்பதை வாயால் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. எங்களுக்கு டிரெய்லர் உண்டு, ஆனால் ஸ்டெப்னி டயர் இல்லை.

ஒரு கட்டத்துக்கு மேல் விலையில் அசைய மாட்டார்கள். அங்கே பொருளாகக் கேளுங்கள். இழுத்துப் போகும்போது போடும் கவர், போர்டு ரேக், முதல் சர்வீஸ் எல்லாம் டீலருக்கு அடக்கவிலை குறைவு, நமக்குக் கடைவிலை அதிகம். அவருக்கும் முகம் கெடாமல் கொடுக்க முடிகிறது. நாங்கள் கவர், ஸ்டெப்னி, முதல் சர்வீஸ் மூன்றையும் வாங்கினோம். ப்ரொப்பெல்லரைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். இந்தப் படகுகள் ஆயிரம் கிலோவுக்கு மேல் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஆட்களோடு கிளம்ப வேண்டும். உங்கள் ஏரி கடல்மட்டத்திலிருந்து உயரத்தில் இருந்தால் இன்ஜின் சக்தி குறையும், பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) குறைந்த ப்ரொப்பெல்லர் வேண்டியிருக்கும். டெலிவரிக்கு முன்னால் மாற்றித் தரச் சொன்னால் மாற்றுவார்கள். பிறகு கேட்டால் பில் வரும்.

கடன், இன்ஷூரன்ஸ், பதிவு எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன.

டெலிவரி நாளில் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்கள். இறுதி பில்லில் ‘எரிபொருள் கூடுதல் கட்டணம்’ என்று புது வரி. படகு வந்து ஒரு வருடமாகிறது, எதற்கு எரிபொருள்? கையெழுத்திட்ட மொத்தத் தொகைத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். கணக்குப் பிரிவுப் பெண் அதைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் புது பில் அடித்துக் கொடுத்தார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இவ்வளவு அலைந்தது தகும் என்று தோன்றியது.

மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்டச் சொன்னோம். வளாகத்திலேயே எல்லாம் சோதித்தாயிற்று என்று இழுத்தடித்தார்கள். இறக்கினால், இடது பின்பக்க பாலஸ்ட் பம்ப் வேலை செய்யவில்லை. திரையில் நிரம்புகிறது என்று காட்டுகிறது, பை காலி. அங்கேயே நிற்கிறோம் என்றோம். மதியத்துக்குள் பம்ப் மாற்றிவிட்டார்கள். பணம் அவர்கள் கணக்கில் ஏறிய பிறகு இதைச் சொல்லியிருந்தால் சர்வீஸ் வரிசையில் சீசன் பூராவும் நின்றிருப்போம்.

கவர் மட்டும் இன்னும் வரவில்லை. ஆர்டரில் இருக்கிறது, அடுத்த வாரம் வந்துவிடும் என்கிறார்கள். ஒப்பந்தத்தில் கவர் என்று மட்டும்தான் இருக்கிறது, தேதி இல்லை. பேசி வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் தேதி போட்டு வாங்குங்கள். நான் வாரம் ஒரு மெயில் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன முறை வந்த பதிலில், கவர் தயாரிப்பவர்கள் ஒன்றாம் தேதியிலிருந்து விலை ஏற்றுகிறார்களாம்.