தள்ளு தாழ்ப்பாள்: உடைந்த 24 துண்டுகளுக்குப் பிறகு

திருகாணி, நட்டு, வாஷர் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் என்னிடம் பன்னிரண்டு இருக்கின்றன. மூடியோடு வந்த மடக்குக் கிளிப்புகள் ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டே வந்தன. கடைசியில் ஒருநாள் ஏணி மேல் நின்று ஒரு பெட்டியை இறக்கும்போது மூடி திறந்துகொண்டு நான்கு அளவுத் திருகாணிகளும் தரையில் கொட்டிவிட்டன. பிரித்து எடுக்கவே ஒரு மாலை முழுக்கப் போனது. அன்றைக்குத்தான் முப்பரிமாண பிரிண்டரில் சொந்தமாக ஒரு தள்ளு தாழ்ப்பாள் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அமைப்பு எளிது. பெட்டிச் சுவரில் ஒரு காடி, அதற்குள் ஓடும் நாக்கு, மூடியில் நாதாங்கி. நாக்கு தானாக நழுவாமல் இருக்க அதன் பக்கவாட்டில் ஸ்பிரிங் போல வளையும் ஒரு கை. கையின் நுனியில் சின்ன மேடு. மூடிய இடத்தில் அந்த மேடு காடிச் சுவரின் குழியில் விழுந்து 'கிளிக்' என்று நிற்க வேண்டும். வரைவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

என்னைப் படுத்தியதெல்லாம் அந்தக் கைதான். முதலில் 10 மி.மீ. நீளம், 2 மி.மீ. கனம், மேடு 1 மி.மீ. என்று வைத்தேன். மூன்றாவது தள்ளலில் அடியோடு முறிந்தது. மெலிதாக இருப்பதால்தான் உடைகிறது என்று நினைத்து 3 மி.மீ. ஆக்கினேன். முதல் தள்ளலிலேயே போய்விட்டது. அதன் பிறகுதான் கணக்கைப் பார்த்தேன். ஒரு முனையில் பிடிக்கப்பட்டு வளையும் கையின் அடியில் விழும் நீட்சியைக் கண்டுபிடிக்க, கனத்தையும் வளையும் தூரத்தையும் (அதாவது மேட்டின் உயரத்தையும்) பெருக்கி, அதை 3-ஆல் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். என் முதல் கைக்கு 3 சதவீதம் வந்தது. கனத்தைக் கூட்டியதும் 4.5 சதவீதம். பிஎல்ஏ பிளாஸ்டிக்கைத் திரும்பத் திரும்ப அவ்வளவு இழுத்தால் தாங்காது. பலப்படுத்துகிறேன் என்று நானே உடைத்திருக்கிறேன்.

நீளம் வர்க்கமாக வருவதால் அதைக் கூட்டினால்தான் பெரிய பலன். 18 மி.மீ. நீளம், 2 மி.மீ. கனம், 0.8 மி.மீ. மேடு என்று மாற்றியதும் நீட்சி 0.75 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. கை நீளமானால் பிடிப்பு தளர்ந்துவிடுமே என்ற கவலை எனக்கும் இருந்தது. அதற்கு அகலத்தைக் கூட்டினால் போதும். அகலம் கூடினால் பிடிப்பு கூடும், நீட்சி மாறாது. நான் 6 மி.மீ. வைத்தேன். கை தொடங்கும் மூலையைக் கூர்மையாக விடாதீர்கள், 1 மி.மீ. ஆரத்தில் வளைத்துவிடுங்கள். விரிசல் எப்போதும் அங்கேயிருந்துதான் கிளம்புகிறது.

வீட்டு பிரிண்டரில் போட்டுப் பார்த்த இரண்டு மாதிரிகளும் நன்றாக வேலை செய்தன. பெட்டிக்கு இரண்டு வீதம் 24 வேண்டுமே என்று ஒரு முப்பரிமாண அச்சுக் கூடத்தில் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. நான் படுக்க வைத்து வரைந்திருந்ததை, பிரிண்டர் மேடையில் இடம் மிச்சப்படுத்துவதற்காக அவர்கள் எல்லாவற்றையும் நெட்டுக்குத்தாக நிறுத்தி அச்சடித்துவிட்டார்கள். பிரிண்டர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர்கள் கையின் குறுக்கே விழுந்துவிட்டன. மரத்தை ரேகைக்குக் குறுக்கே அறுத்துச் சட்டம் செய்தால் எப்படியிருக்குமோ அப்படி. கொண்டுவந்து வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன், இருபத்து நான்கும் கத்தியால் வெட்டியதுபோல ஒரே இடத்தில் முறிந்தன. துண்டுகளோடு திரும்பப் போனேன். "கோப்பில் எந்தப் பக்கம் கீழே என்று எழுதவில்லையே" என்றார் அங்கிருந்தவர். வேறு எதுவும் கேட்க முடியவில்லை.

அதனால் வெளியே கொடுப்பவர்களுக்குச் சொல்கிறேன். அச்சடிக்கக் கொடுக்கும் வடிவக் கோப்பான எஸ்டிஎல்லில் எப்படி வைத்தீர்கள் என்பதை நம்பி இருக்காதீர்கள். எந்த முகம் மேடையில் படிய வேண்டும் என்று ஒரு படம் வரைந்து, "திருப்பக் கூடாது" என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். அந்தக் கோப்பில் மி.மீ.-ஆ, அங்குலமா என்ற குறிப்பும் இருக்காது, ஒரு பக்கத்தின் அளவையாவது சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது முறை படுக்க வைத்தே வந்தது. ஆனால் நாக்கு காடிக்குள் நுழையவே இல்லை! என் பிரிண்டரில் பக்கத்துக்கு 0.3 மி.மீ. இடைவெளி தாராளமாக இருந்தது. அவர்கள் இயந்திரத்தில் முதல் லேயர் நசுங்கி வெளியே பிதுங்கியிருந்தது. அடி விளிம்பை எல்லாம் கத்தியால் சீவி உட்கார வைத்தேன், இரண்டு நாள் வேலை. இப்போது அடி விளிம்பில் 0.5 மி.மீ. சரிவு வரைபடத்திலேயே இருக்கிறது. 0.2, 0.3, 0.4 என்று மூன்று இடைவெளியில் விரல் நீளத் துண்டு ஒன்றை முதலில் அடித்து வாங்கிப் பார்க்காமல் மொத்தமாக எதையும் கொடுப்பதில்லை.

பொருத்துவது சுலபம். ஆனால் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பெட்டியில் பசை சரியாகப் பிடிக்காது, 3 மி.மீ. போல்ட்டும் உள்பக்கம் அகல வாஷரும்தான் சரி.

எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, மூடியே வைத்திருந்த பெட்டிகளில் இரண்டு வாரத்தில் 'கிளிக்' காணாமல் போனது. குழியின் ஆழத்தைக் கொஞ்சம் குறைவாக வைத்திருந்தேன். மூடிய நிலையிலும் கை லேசாக வளைந்தே இருந்திருக்கிறது. பிஎல்ஏ அப்படியே அந்த வளைவுக்குப் படிந்துவிட்டது. தாழ்ப்பாள் தன் வாழ்நாளில் பெரும்பகுதி மூடித்தான் கிடக்கும். அந்த நிலையில் கைக்கு எந்த இழுப்பும் இருக்கக் கூடாது. குழியை மேட்டைவிட 0.2 மி.மீ. ஆழமாக்கினேன், அதோடு அந்தக் கோளாறு தீர்ந்தது. வெயிலில் நின்ற வண்டிக்குள் விட்டிருந்த ஒரு பெட்டியில் நாக்கே கோணிப்போனது. பிஎல்ஏ 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். பெட்ஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் 80 டிகிரி வரை தாங்கும், வளையவும் செய்யும். முதலிலேயே பெட்ஜியில் அடித்திருக்க வேண்டும்.

அப்புறம், காடியின் ஒரு முனையை மூடி வைத்திருந்தேன். மரத்தூள் அங்கே போய் அடைத்து நாக்கு முழுதாக ஓடவில்லை. முனையைத் திறந்துவிட்டு, நாக்கு வெளியே வராமல் குறுக்கே ஒரு சின்ன ஆணி வைத்தேன். தூள் தானாக வெளியே விழுந்துவிடுகிறது. எண்ணெய் மட்டும் போடாதீர்கள், தூளைப் பிடித்துக் களிம்பாக்கிவிடும். மெழுகுவத்தியை ஒருமுறை தேய்த்தால் நாக்கு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

கடைசி வடிவத்தை 500 முறை தள்ளி எண்ணிப் பார்த்தேன், கை அப்படியே இருக்கிறது. போல்ட் நிறைந்த பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன், ஒன்றும் கொட்டவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பதினொரு பெட்டிகளில் மாட்டியாகிவிட்டது. மிகப் பெரிய பெட்டியில் மட்டும் இரண்டு தாழ்ப்பாளுக்கும் நடுவே மூடி லேசாகத் தூக்குகிறது. அதற்கு மூன்றாவதாக ஒன்று இப்போது பிரிண்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது, படுக்க வைத்துத்தான்.