அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

கர்ப்பத்தின் 28வது வாரப் பரிசோதனையில் என் பிபி 146/94 என்று வந்தது. அதுவரை ஒருமுறைகூட 120ஐத் தாண்டியதில்லை. மறுநாள் எடுத்தபோதும் இறங்கவில்லை. 20 வாரத்துக்குப் பிறகு 140/90ஐத் தொட்டாலே கர்ப்பகால ரத்த அழுத்தம்தான் என்று சொல்லி, டாக்டர் லாபெட்டலால் மாத்திரை எழுதினார். வீட்டிலும் இரண்டு வேளை அளந்து எழுதி வைக்கச் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். மிஷினைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். படபடப்பில் அளவு ஏறும், ஏறியதைப் பார்த்து இன்னும் பயம் வரும். ஒரு நாள் ஒன்பது முறை அளந்தேன். என் நோட்டைப் பார்த்த நர்ஸ்தான் முறையைச் சொல்லிக் கொடுத்தார். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது.

அந்த ஐந்து நிமிடம்தான் எனக்குத் தியானமானது. மூச்சை அடக்காமல், வெளியே விடுவதை மட்டும் கொஞ்சம் நீளமாக்கினேன். நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு. 'குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ' என்று மனசு ஓடும். ஓடட்டும் என்று விட்டுவிட்டு, பாதத்தில் படும் தரையின் குளிர்ச்சியைக் கவனிப்பேன். சில நாள் ஐந்து நிமிடமும் அழுகையிலேயே போகும். இரண்டு வாரத்தில் அளவு 130களில் நின்றது. அதைக் குறைத்தது மாத்திரை என்றே நம்புகிறேன். மூச்சு என் பயத்தைக் குறைத்தது. தயவுசெய்து யாரும் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

36வது வாரத்தில் ஒரு விடியற்காலை அப்படி உட்கார்ந்தபோது தலை வலித்தது. தினமும் உடம்பைக் கவனித்துப் பழகியதால், இது வழக்கமான வலி இல்லை என்று பட்டது. அளந்தால் 156/102. விடாத தலைவலி, கண் மங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி, முகம் திடீரென்று வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கணவரை எழுப்பினேன், உடனே கிளம்பினோம். சிறுநீரில் புரதம் இருந்தது. ப்ரீஎக்ளாம்ப்சியா என்றார்கள், கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் ஆபத்தான நிலை. அங்கேயே தங்க வைத்து, 37 வாரம் நிறைந்ததும் மருந்து கொடுத்து வலி வர வைத்தார்கள். மகள் பிறந்தாள்.

பிரசவத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் நான்காம் நாள் அளவு மறுபடி ஏறியது. முதல் வாரத்தில் இப்படி ஏறுவது உண்டாம், யாரும் அதிகம் சொல்வதில்லை. மாத்திரை இன்னும் ஆறு வாரம் தொடர்ந்தது. அவள் தூங்கும் நேரம் பார்த்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அளந்து, அதே நோட்டில் எழுதி வந்தேன்.