சாதிக்காய்க்கு இடம் தேடி ஆனைமலைப் பக்கம்

மழைக்காலத்தில் நிலம் பார்க்கப் போகாதே என்பார் சித்தப்பா. ஐப்பசியில் எந்தத் தோட்டமும் பச்சையாகத்தான் இருக்கும். அதனால் சித்திரை வெயிலில், பைக்கில் ஒரு கடப்பாரையைக் கட்டிக்கொண்டு கோவையிலிருந்து இருவரும் கிளம்பினோம். சாதிக்காய் வைக்க இரண்டு ஏக்கர் வேண்டும்.

விதைக்கன்று வைத்தால் பூக்கவே 7, 8 வருடம். அப்போதுதான் ஆண் மரமா பெண் மரமா என்று தெரியும். ஏறக்குறைய பாதி ஆணாகப் போய்விடும். ஒட்டுக்கன்றில் இந்தத் தொல்லை இல்லை. பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். ஆனாலும் நல்ல காய்ப்புக்கு வர 15 வருடமாவது வேண்டும். அதன் பிறகு பேரன் காலத்துக்கும் காய்க்கும். இத்தனை வருடம் காத்திருக்கப் போகிற மண்ணை ஒரே நாளில் பேசி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பார்த்தது கோமங்கலம் பக்கம். விலை குறைவுதான். ஆனால் ஓர் அடி தோண்டியதும் சுக்கான்கல் இடித்தது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. சாதிக்காய்க்கு வேர் மேலாகவே ஓடும், அந்தக் காற்றைத் தாங்காது. சேத்துமடையில் மண் அருமை. ஆனால் யானை வரும் தடம். இரண்டையும் விட்டுவிட்டோம்.

கோட்டூருக்கும் ஆழியாறுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் உடம்பே குளிர்ந்தது. பக்கத்துத் தோட்டத்து அம்மா தன் சாதிக்காய் மரங்களைக் காட்டினார். நான்கு தென்னைக்கு நடுவே ஒன்று என்று வைத்திருக்கிறார். முன்கூட்டியே பழுத்து வெடித்த ஒரு காயைப் பறித்துக் கையில் கொடுத்தார். மஞ்சள் சதை இரண்டாகப் பிளந்திருக்க, உள்ளே பளபளக்கும் கரும்பழுப்புக் கொட்டை; அதன்மேல் ரத்தச் சிவப்பில் வலை பின்னியதுபோல் சாதிபத்திரி. விரலில் ஒட்டிய வாசம் மாலை வரை போகவில்லை.

"சின்னதுல வெயில் படக்கூடாது சாமி. வேர்ல தண்ணி நின்னாலும் போச்சு" என்றார்.

சித்தப்பா கடப்பாரையை எடுத்தார். மேல்மூலையில் இரண்டடிக் குழி தோண்டி ஒரு குடம் ஊற்றினோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் குடித்துவிட்டது. வாய்க்கால் ஓரத்துக் கீழ்மூலையில் ஊற்றிய தண்ணீர், நாங்கள் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் அப்படியே நின்றது. அந்த அரை ஏக்கரில் சாதிக்காய் வைக்க முடியாது.

இன்னொரு கவலையும் இருந்தது. நாலைந்து தென்னையில் ஓலை மஞ்சளாகி, கீற்று துவண்டு உள்பக்கம் மடங்கியிருந்தது. இந்தப் பக்கத்தை வாட்டுகிற வேர்வாடல் நோயோ என்று பயம். தென்னை போனால் நிழல் போகும், நிழல் போனால் சாதிக்காயும் போகும். ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் காட்ட, மட்டைகளை நன்றாகப் படம் எடுத்துக்கொண்டேன்.

தரகர் கிணறு முழுசும் நம்முடையது என்றிருந்தார். மூலப்பத்திரத்தில் பாதிப் பங்குதான் இருந்தது. கோடையில் முறைவைத்துத் தண்ணீர் விடவேண்டிய கிணற்றை நம்பிக் கன்று வைப்பது எப்படி? அதை நேருக்கு நேர் கேட்டேன், சரியான பதில் வரவில்லை.

இருந்தாலும் மேல்பக்கத்து ஒன்றரை ஏக்கரை மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறோம். கீழ்மூலைத் தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று ஐப்பசி அடைமழையில் வந்து பார்க்க வேண்டும் என்கிறார் சித்தப்பா. கடப்பாரையை அந்த அம்மா வீட்டுச் சாளையிலேயே சாத்திவிட்டு வந்திருக்கிறார்.