ஓரகத்தியும் நானும் ஒரு கேட்டரிங்கும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து கேட்டரிங் நடத்துகிறோம். கல்யாணம், பதினாறாம் நாள் காரியம், பிறந்தநாள், கோயில் பூஜை என்று 50 தட்டிலிருந்து 300 தட்டு வரை செய்து கொடுப்போம். ஒரே வீட்டு மருமகள்கள் இருவர் கூட்டுத் தொழில் செய்கிறார்கள் என்றதும் திருநெல்வேலியிலிருந்து தோழிகள் கேட்கும் முதல் கேள்வி, "சண்டை வராதா?" வராமல் என்ன. ஆனால் உப்பு, காரத்துக்காக நாங்கள் சண்டை போட்டதாக நினைவில்லை. காகிதத்துக்கும் கணக்குக்கும்தான் போட்டிருக்கிறோம்.

2019-இல் தொடங்கினோம். கம்பெனியைப் பதிவு செய்வது இங்கே பெரிய வேலையே இல்லை. பெயரோடு சேர்த்து 175 ராண்ட், எல்லாம் ஆன்லைனில். இரண்டு பேரும் டைரக்டர் ஆகிவிட்டோம், ஃபோட்டோ எடுத்து குடும்ப வாட்ஸப்பில் போட்டோம். அசல் வேலை அதற்கப்புறம்தான். தென்னாப்பிரிக்காவில் சமைத்து விற்பவர் யாராக இருந்தாலும் முனிசிபாலிட்டியின் சுகாதாரப் பிரிவிடம் சமையல் இடத்துக்கு ஒரு சான்றிதழ் வாங்கியாக வேண்டும். சி.ஓ.ஏ. என்பார்கள். 2018-இல் வந்த ஆர் 638 என்கிற விதிதான் இப்போது அடிப்படை. சமைத்த உணவு விற்க பிசினஸ் லைசென்ஸும் வேண்டும், அதற்கும் சுகாதாரப் பிரிவு தலையாட்ட வேண்டும்.

ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இடம் அக்காவின் கராஜ். காரை வெளியே விட்டு, டைல்ஸ் போட்டு, சீலிங் அடித்து, அடுப்புகளை வைத்தோம். பெரிய சட்டி, கரண்டி, ஃப்ரீஸர் எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார் அக்கா. வந்த இன்ஸ்பெக்டர் அதில் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, கையை அடியில் நீட்டியபடி நின்றார். கீஸர் வீட்டின் அந்தக் கோடியில் இருக்கிறது. தண்ணீர் சில்லென்றே வந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் குழாயைப் பார்க்கிறோம், அவர் எங்களைப் பார்க்கிறார். "பாத்திரம் கழுவும் தொட்டி இது. கை கழுவ எங்கே?" என்றார். அதற்கென்று சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் வரும் தனித் தொட்டி வேண்டுமாம். அந்த நேரம் பார்த்து அக்காவின் நாய் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கராஜில்தான் அதற்குப் படுக்கை. உணவு செய்யும் இடத்தில் மிருகம் நுழையக் கூடாது என்று ஒரு வரி கூடுதலாக எழுதிக்கொண்டு போனார்.

இதில் நான் சொல்ல வருவது: டைல்ஸ் போடுவதற்கு முன்னாலேயே இன்ஸ்பெக்டரிடம் பேசிவிடுங்கள். குழாய் எங்கே, சாக்கடை எங்கே, கதவு எங்கே என்று பேப்பரில் ஒரு படம் வரைந்து கொண்டுபோனால் போதும், நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். கேஸும் அப்படித்தான். 48 கிலோ சிலிண்டரை நினைத்த மூலையில் நிறுத்த முடியாது. ஜன்னல், கதவிலிருந்து 1 மீட்டர், சாக்கடையிலிருந்து 2 மீட்டர் தள்ளி, வெளியேதான் வைக்க வேண்டும். பதிவு பெற்ற ஆள் பொருத்திச் சான்று கொடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து சான்றிதழ் வரும்போதுதான் வீட்டில் புகைந்தது. அந்தக் காகிதத்தில் சமையலறைக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் பெயர் இருக்கும். உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தவராக அவர் இருக்க வேண்டும். பயிற்சிக்குப் போனது நான், அதனால் என் பெயர். அதைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி வேறு மாட்டச் சொல்கிறது சட்டம். மாமியார் வந்து பார்த்துவிட்டு, "வீடு பெரியவளது, பேப்பர் சின்னவளதா?" என்று கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "கேஸ் கீஸ் வந்தா கோர்ட்டுக்கு அவதானே போகணும், விடுங்கம்மா" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வேறு மாதிரி பேசியிருந்தால் இந்தத் தொழிலே இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

சமையலில் அக்கா வைத்ததுதான் சட்டம். நான் வந்த புதிதில் ஒரு விருந்துக்கு நம் ஊர்ச் சீரகச் சம்பா பிரியாணியை மாதிரிக்குக் கொஞ்சம் செய்து வைத்தேன். மரியாதையாகச் சாப்பிட்டார்கள். பிறகு ஒரு பெரியவர் மெதுவாக, "பருப்பு எங்கேம்மா?" என்றார். இங்கே பிரியாணிக்குள் முழு மசூர்ப் பருப்பு வேண்டும், உருளைக்கிழங்கு வேண்டும், மேலே ஊற்றிக்கொள்ளத் தனியாகப் பருப்புக் குழம்பும் தயிரும் வேண்டும். 1860-இல் முதல் கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வழி வழியாகப் பிடித்துவைத்திருக்கும் ருசி அது. நேற்று வந்த நான் அதில் கைவைக்க முடியுமா? இப்போது எனக்கே அந்தப் பருப்பு இல்லாவிட்டால் தட்டு மொட்டையாகத் தெரிகிறது.

கணக்குக்கு வருகிறேன். அக்காவுக்கு ஊரில் பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் பள்ளித் தோழிகள். ஆர்டர் எடுத்துக்கொண்டு போகும்போதே ஒரு ட்ரே வடையைச் சும்மா வைத்து அனுப்புவார். எனக்கோ கடலைப் பருப்பு விலை கண்முன் ஓடும். நான் முறைப்பேன், அவர் கவனிக்காதது மாதிரி இருப்பார். ஆனால் அந்த இலவச வடை தின்றவர்களிடமிருந்து அடுத்த மாதம் ஃபோன் வருவதும் உண்மை. அதனால் வடையை விலைக்குள்ளேயே சேர்த்துவிட்டேன். அக்கா கொடுப்பது கொடுப்பதுதான், கணக்கில் அது செலவு. இது அவருக்கும் தெரியும்.

ஆனால் ஒரு கல்யாண ரிசப்ஷனில் நடந்ததை அப்படி விட முடியவில்லை. 150 தட்டு என்று சொன்னவர்கள், ஹாலில் 200-க்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். பந்தியில் இல்லை என்று சொல்ல மனசு வருமா? பக்கத்து டேக்அவேயில் ரொட்டி வாங்கி, பீன்ஸ் கறியை நீட்டி, கடைசியில் வேலை செய்தவர்களுக்கு வைத்திருந்ததையும் எடுத்துப் போட்டுச் சமாளித்தோம். மறுநாள் பில் கொடுத்தால், "சொன்னது நூற்றைம்பதுதானே" என்றார்கள். சொந்தக்காரர்கள் என்பதால் அக்கா வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன், பேச்சு வளர்ந்தது, பாதிப் பணம்தான் வந்தது. அன்றிலிருந்து பாதித் தொகை முன்பணம், விசேஷ வாரத்துப் புதன்கிழமைக்குள் கடைசி எண்ணிக்கை, மீதிப் பணம் சட்டியை இறக்குவதற்கு முன்னால் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அதைக் கேட்பது என் வேலை. "என் தங்கச்சி ரொம்ப கறாரு, நான் என்ன செய்ய" என்று அக்கா சிரித்துக்கொண்டே என்னை மாட்டிவிடுவார். மாட்டிக்கொள்வதில் எனக்கும் வருத்தமில்லை.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. இரண்டு பேருக்கும் மாதச் சம்பளம், அது கம்பெனிக் கணக்கிலிருந்து வங்கி வழியாக மட்டும். கல்லாவிலிருந்து பால், ரொட்டிக்கு எடுப்பதை நிறுத்திய பிறகுதான் லாபம் எங்கே போகிறது என்கிற சந்தேகப் பேச்சு நின்றது. கணவன்மார்களை வரவு செலவுக்குள் விடவில்லை. வண்டி ஓட்டுவதோடு சரி.

2020 மார்ச் கடைசியில் லாக்டவுன் வந்தபோது மொத்தமாக நின்றோம். துக்க வீட்டுக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்ற காலம், பார்சலில்தான் ஓட்டினோம். 2022 ஏப்ரல் வெள்ளம் அதைவிட மோசம். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே அடிபட்டு டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாய் வறண்டது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று யார் பிரியாணி செய்வது? ஜோஜோ என்கிற பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் வாங்கினோம். கடனில்தான். அடுத்த வருடம் லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு நாடு முழுக்க ஸ்டேஜ் 6 வரை போனது. ஃப்ரீஸர் நிறைய ஆட்டுக்கறியோடு வெள்ளி இரவைக் கழித்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும். கல்யாண வாரத்தில் கறியை முதல் நாளே வாங்கி வைப்பதில்லை இப்போது.

புரட்டாசி எங்களுக்கு விசித்திரமான மாதம். இங்கே தமிழ்க் குடும்பங்கள் அந்த மாதம் முழுக்கக் கறி மீனைத் தொடாமல் இருப்பது இன்னும் பலமாகவே இருக்கிறது. பெரிய ஆர்டர்கள் படுத்துவிடும். முதல் வருடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இப்போது அலுவலகம் போகிறவர்களுக்குச் சைவச் சாப்பாட்டு டப்பா: பருப்பு, கீரை, சேப்பங்கிழங்குக் கறி, சோறு, ஊறுகாய். லாபம் குறைவுதான், ஆனால் உதவிக்கு வரும் சூலு இனத்து அம்மாவுக்கு அந்த மாதச் சம்பளம் தடையில்லாமல் போகிறது. வடை மாவின் பதத்தை இப்போது என்னைவிட அவர் நன்றாகப் பார்க்கிறார்.

அது முடிந்த கையோடு தீபாவளிப் பலகார ஆர்டர். முறுக்கு விலையைப் போன வருடத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறார். எண்ணெய் பில்லை அவர் முன்னால் வைத்திருக்கிறேன், இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.