சாக்பீஸால் வரைந்து படித்த சட்டம்

முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டில் தூரக்கிழக்கு நாடுகளின் வரலாறு எங்களுக்கு ஒரு தாள். உள்தேர்வில் "1855-ஆம் ஆண்டுச் சீனப் பயணிகள் சட்டத்தை மதிப்பிடுக" என்று 20 மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வந்தது. சீனத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தின் பேரில் வெளிநாடுகளுக்கு ஏற்றிப்போன கப்பல்களை ஒழுங்குபடுத்த பிரிட்டன் போட்ட சட்டம் அது; அந்த ஆள் ஏற்றுமதிக்குத்தான் கூலியாள் வணிகம் என்று பெயர். மூன்று பக்கம் எழுதினேன். "இச்சட்டத்தால் பிரிட்டன் சீனக் கூலியாள் வணிகத்தை ஒழித்தது" என்று முடித்திருந்தேன். கிடைத்தது 7. விடைத்தாள் ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "எந்தக் கப்பல்? எந்தத் துறைமுகம்?"

அந்த ஒரு வரிக்காகவே இதை ஆய்வேட்டுத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். இந்தத் தாளைப் படிக்கப் போகிறவர்களுக்கு, அந்த எட்டு மாதத்தில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

முதலில் சட்டத்தின் விளக்கப் பிரிவைப் படியுங்கள். நான் அதைத்தான் தாண்டிப் போயிருந்தேன். "சீனப் பயணிகள் கப்பல்" என்றால் என்ன? பிரிட்டன் வசமிருந்த ஹாங்காங்கிலிருந்து கிளம்பினால் எந்த நாட்டுக் கொடியுள்ள கப்பலும் அதில் அடங்கும். சீனாவின் மற்றத் துறைமுகங்களிலிருந்தோ, சீனக் கரையிலிருந்து 100 மைலுக்குள் உள்ள துறைமுகங்களிலிருந்தோ கிளம்பினால் பிரிட்டிஷ் கப்பல் மட்டும்தான் அடங்கும். ஆசியாவைச் சேர்ந்த பயணிகள் 20 பேருக்கு மேல் இருக்க வேண்டும், பயணம் ஏழு நாளுக்கு மேல் நீள வேண்டும். இந்த நான்கு நிபந்தனைகளை மனப்பாடமாக வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கைக்கு வந்துவிடும். சீனக் கரையில் போர்ச்சுகல் வசமிருந்த மக்காவு (Macau) துறைமுகத்தில் ஒரு பெரு நாட்டுக் கப்பலோ ஸ்பானியக் கப்பலோ ஆள் ஏற்றினால் இந்தச் சட்டம் அதைத் தொடவே முடியாது. கியூபாவுக்கும் பெருவுக்கும் போன வணிகம் பெருமளவு மக்காவுக்கு நகர்ந்தது. போர்ச்சுகல் அதை நிறுத்தியது 1874 மார்ச்சில்தான். இடைப்பட்ட காலத்தில், 1871-இல், மக்காவிலிருந்து சுமார் 650 பேரோடு கிளம்பிய டான் யுவான் கப்பல் தீப்பிடித்தது. கீழ்த்தட்டின் வாயில்களை இரும்புக் கம்பிக் கதவால் பூட்டி வைத்திருந்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் உள்ளேயே மாண்டார்கள்.

எனக்கு மக்காவு புரிந்தது காரைக்காலை வைத்துத்தான். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் இருந்த நம் ஊர்களிலிருந்து ஆட்களை எல்லை தாண்டிக் கூட்டிப்போய், பிரெஞ்சுக்காரர்களின் காரைக்கால், புதுச்சேரித் துறைமுகங்களில் ரீயூனியன் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். பக்கத்திலேயே வேறொரு அரசின் துறைமுகம் இருக்கும்போது சட்டம் என்ன பாடுபடும் என்பதற்கு இரண்டும் சாட்சி. ஒரு வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகம் பிரிட்டிஷ் கையில் இருந்ததால் 1842-இலேயே அங்கே குடிபெயர்வோர் பாதுகாவலர் ஒருவரை நியமிக்க முடிந்தது. ஹாங்காங்கைத் தவிர, சீனக் கரை பிரிட்டன் கையில் இல்லை. அதனால் சட்டம் கப்பலின் கொடியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியிருந்தது. வாய்மொழித் தேர்வில் இதைச் சொன்னபோது வெளித்தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம், சட்டத்தோடு இணைத்த அட்டவணை. பலரும் சட்டப் பிரிவுகளோடு நிறுத்திக்கொள்வார்கள், உயிர் அட்டவணையில்தான் இருக்கிறது. வயது வந்த பயணி ஒருவருக்கு 12 சதுர அடி, 72 கன அடி இடம் என்று இருந்தது. எண்ணாகப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருநாள் இரவு விடுதி அறையில் சாக்பீஸால் ஆறடிக்கு இரண்டடி கட்டம் ஒன்று வரைந்தேன். 72-ஐ 12-ஆல் வகுத்தால் உயரம் ஆறடி. அறைத்தோழன் அதில் மல்லாந்து படுத்தான். தோள் இரண்டும் கோட்டைத் தொட்டன. பக்கத்திலேயே இன்னொரு கட்டம் வரைந்து நான் படுத்தேன். அவன் புரண்டால் கை என் மேல் விழுந்தது. அவன் மூச்சு என் காதில் கேட்டது. கால் மணி நேரத்தில் இருவரும் எழுந்துவிட்டோம். ஹாங்காங்கிலிருந்து கியூபாவின் ஹவானாவுக்குப் போனவர்கள் மாதக்கணக்கில் இப்படிக் கிடந்திருக்கிறார்கள், அதுவும் ஆடுகிற கப்பலில். சட்டம் தாராளமாகக் கொடுத்த அளவே இதுதான் என்றால், சட்டம் எட்டாத கப்பல்களை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, கப்பல் தளத்தில் நடந்த விசாரணை. குடிபெயர்வு அதிகாரி பயணிகளை வரிசையாக நிறுத்தி, எங்கே போகிறோம் என்று தெரியுமா, ஒப்பந்தம் புரிந்ததா என்று உறுதிசெய்து சான்றிதழ் தர வேண்டும். கப்பலில் மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்த மறு ஆண்டே, 1856-இல், ஹாங்காங்கிலிருந்து ஹவானாவுக்குப் போன டியூக் ஆஃப் போர்ட்லாண்ட் கப்பலில் 332 பேரில் 128 பேர் வழியிலேயே இறந்தார்கள். நான் என் ஏட்டில் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில், இடப்புறம் சட்டம் கேட்டதும் வலப்புறம் கப்பலில் நடந்ததுமாக எழுதி வைத்தேன். "மதிப்பிடுக" என்ற சொல்லுக்கு விடை அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

பின்னணிக்கு ஒரே ஒரு ஆவணம் போதும்: சீனாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜான் பௌரிங் 1852-இல் லண்டனுக்கு எழுதிய கடிதம். சீனாவின் அமோய் (இன்றைய சியாமென்) துறைமுகத்துக் கொட்டடிகளில் ஆட்களின் உடையைக் களைந்து, மார்பில் எழுத்துக் குறி இட்டிருந்ததை அதில் விவரிக்கிறார். கலிபோர்னியாவுக்கு ஒரு எழுத்து, பெருவுக்கு ஒன்று, ஹவாய்த் தீவுகளுக்கு ஒன்று. பின்னால் ஹாங்காங் ஆளுநரானவரும் இவரேதான். அதே ஆண்டு நவம்பரில் அமோயில் ஆள்பிடிப்போருக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. இவற்றைச் சொல்லிவிட்டு 1855-க்கு வந்தால் விடை தானாக நடக்கும்.

இந்தச் சட்டத்தை வேறொரு வகைச் சட்டத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதே 1855-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா குடியேற்றமும் ஒரு சட்டம் போட்டது: கப்பலின் 10 டன்னுக்கு ஒரு சீனர்தான் வரலாம், தலைக்கு 10 பவுண்டு வரி. அது ஆளைத் தடுக்கப் போட்ட சட்டம். அதற்குத் தப்ப, சீனர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே தங்க வயல்களுக்குப் போனார்கள். ஒன்று புறப்படும் இடத்துச் சட்டம், மற்றது சேரும் இடத்துச் சட்டம். அமெரிக்காவின் 1862-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாவது ரகம்: அமெரிக்கக் கப்பல்கள் கூலியாள் வணிகத்தில் இறங்கவே கூடாது, விருப்பத்தோடு போகிறவருக்குத் தூதரக அதிகாரியின் சான்று வேண்டும்.

தமிழில் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "கூலி வணிகம்" என்று எழுதாதீர்கள். நம் மொழியில் கூலி என்றால் கொடுக்கும் சம்பளம், திருத்துகிறவர் தடுமாறுவார். "கூலியாள் வணிகம்" அல்லது "ஒப்பந்தத் தொழிலாளர் கடத்தல்" என்றே எழுதுங்கள். சீனர்கள் அந்த ஒலிக்குப் பொருத்திக்கொண்ட எழுத்துகளுக்கு "கசப்பான உழைப்பு" என்று பொருள். பிடிபட்டவர்களைக் கான்டன் (இன்றைய குவாங்சோ) பக்கத்தில் "பன்றிக்குட்டி" என்றே அழைத்திருக்கிறார்கள்.

நேரம் மிச்சமிருந்தால் 1874-இல் சீன அரசு கியூபாவுக்கு அனுப்பிய சென் லான்பின் குழுவின் அறிக்கையைப் படியுங்கள். 1,176 பேரின் வாக்குமூலம் அதில் இருக்கிறது. நான் தினமும் பத்து என்று வைத்துப் படித்தேன். எப்படி ஏமாற்றப்பட்டோம், கப்பலில் என்ன நடந்தது என்று அவர்களே சொல்கிறார்கள். பல்கலைக்கழகத் தேர்வில் அதே கேள்வி சற்று மாறி வந்தது. அதிகாரியின் சான்றிதழில் தொடங்கி, இந்த வாக்குமூலங்களில் முடித்தேன்.